மூன்று ஞாயிறு, பதினொன்று இருபது

அமெரிக்காவின் டுலூத் நகர ரேடார் நிலையத்தில் பத்தொன்பது வருடமாகப் பழுது பார்க்கும் ஆர்வில் ட்வெட், வழக்கறிஞர் ப்ரெக்கெயின் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். ரகசிய வேலைக்கான அனுமதியை ஏன் பறிக்கக் கூடாது என்று அரசாங்கம் கேட்டிருந்தது. அனுமதி போனால் வேலையும் போய்விடும்.

"போன வருஷம் குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினேன். ஆபீஸுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு சொட்டு தொடல. ஆனா ஊதினாத்தான் வண்டி கிளம்பும்னு கோர்ட்டு மாட்டிவிட்ட மெஷின் மூணு தடவ குடிச்சேன்னு சொல்லுது."

உதவியாளர் லோர்னா காபி கொடுத்தாள். ப்ரெக்கெ ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். ட்வெட் மிச்சம் வைக்காமல் குடித்து, "நல்லா இருக்கும்மா" என்றார்.

அவர் போனபின் லோர்னா தன் கோப்பையை எடுத்தாள். முகம் கோணியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு. கூச்சத்தை மறைக்க மெஷின் பதிவைப் புரட்டினாள்.

"மூணும் மாசத்தோட முதல் ஞாயிறு, பகல் பதினொன்னு இருபது. ஆளு கோயில்லருந்து நேரா பாருக்குப் போறார்."

"கால் மணி நேரத்துல மறுபடி ஊதியிருக்கார். என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"ரத்தத்துல ஏறினது கால் மணியில இறங்காது, லோர்னா. அது வாயில மட்டும் இருந்திருக்கு. முதல் ஞாயிறுதானே அவங்க கோயில்ல அப்பமும் ஒயினும் கொடுக்கிற திருவிருந்து?"

அடுத்த ஞாயிறு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், திருவிருந்துக்குச் சின்னக் கோப்பைகளைத் தட்டில் வட்டவட்டமாக அடுக்கும் மூன்று பெண்களையும் ப்ரெக்கெ உட்காரவைத்தார். ட்வெட்டும் லோர்னாவும் இருந்தார்கள்.

"தட்டுல நீங்க எந்தக் கோப்பை எடுப்பீங்க, ஆர்வில்?"

"உள்வட்டம். குடிக்காதவங்களுக்கு அங்கதான் திராட்சைச் சாறு."

அவர்களில் மூன்று மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த டெல்ஃபின் வெளிறிப்போனாள். "எங்க பழைய கோயில்ல சாறு வெளிவட்டத்துல இருக்கும். நான் அப்படியே அடுக்கிட்டேன்."

"ஒயின்னு தெரியாம குடிச்சாராக்கும்?" என்றாள் லோர்னா.

"உன் உப்புக் காபியையே ரசிச்சுக் குடிச்சாரே" என்றார் ப்ரெக்கெ.

ட்வெட் தலைகுனிந்தார். "போன குளிர்காலக் காய்ச்சல்ல ருசியும் வாசனையும் போயிடுச்சு. வேலைக்கு லாயக்கில்லேன்னுடுவாங்களோன்னு யார்கிட்டயும் சொல்லல."

"அதையும் எழுதுங்க. குடிச்சதைக்கூட பொறுத்துக்குவாங்க. மறைச்சதைப் பொறுத்துக்க மாட்டாங்க."

ட்வெட் எல்லாவற்றையும் எழுதினார். டெல்ஃபினும் போதகரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரலில் அனுமதி நீடிக்கிறது என்று பதில் வந்தது. கடிதத்தைக் காட்ட வந்தவரைப் பார்த்து லோர்னாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

"காபி போடட்டுமா?"

"போடும்மா," என்றார் ட்வெட். "இந்தத் தடவ எந்த டப்பான்னு வக்கீல் பார்த்துச் சொல்லட்டும்."