மாலைக்குள் தீர்த்துவிடவும்!

கட்டடக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தார்.

குப்புற!

பின்மண்டை பிளந்திருந்தது. தொட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. அதனருகில் அவருடைய கைப்பேசி ஈரம் படாமல் கிடந்தது.

திரையில் ஒரு செய்தி...

‘கட்டடக்காரர் ஐ இன்று மாலைக்குள் தீர்த்துவிடவும். தவறினால் நடவடிக்கை. அன்புடன், அக்கா மோட்டார் பட்டறை.’

*

“அன்புடன்னு வேற போட்டிருக்கீங்க!”

இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார். பேனா துள்ளி விழுந்தது.

எதிர் நாற்காலியில் அக்கா. கருகிப்போன மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டித் தருபவள். தெருவே அவளை அக்கா என்றுதான் அழைக்கும். கணவன் சொல்லாமல் ஓடிப்போனவன். மிச்சமிருக்கும் ஒரே உறவான தம்பி, வெளியே தாழ்வாரப் பெஞ்சில் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“சார், சத்தியமா நான் அந்த அர்த்தத்துல...”

“தீர்த்துவிடவும்னா வேற என்னம்மா அர்த்தம்? ஏட்டய்யா, இன்னொரு தடவை படிங்க.”

ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஏட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“கட்டடக்காரர்... ஐ!... இன்று மாலைக்குள்...”

“நிறுத்துங்க! அதென்ன நடுவுல ‘ஐ!’?”

“அப்படித்தான் சார் இருக்கு. சந்தோஷத்துல எழுதினாப்பல தெரியுது.”

“பாத்தீங்களா! ஆளைக் கொல்றதுல அவ்வளவு குஷி!”

அக்கா அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“நான் எழுதலை சார். அவர் மோட்டாருக்கு வர வேண்டிய பாக்கிக்காகப் பில் ஆப் அனுப்பினது.”

“என்ன ஆப்பு?”

“போன்லயே பில் போடுற ஆப் சார். கையெல்லாம் வார்னிஷ், பேப்பர்ல எழுதினா ஒட்டிக்குது. போன வாரம் ஒருத்தர் பட்டறைக்கு வந்து போட்டுக்குடுத்தார். பில்லைப் போட்டுட்டா போதும், ஞாபகப்படுத்துறதெல்லாம் அதுவே பாத்துக்கும்னார்.”

“நல்லாவே பாத்துக்கிச்சு!” என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார்.

“சரி. போன மாசம் அந்த ஆள் எல்லார் முன்னாடியும் உங்களை அசிங்கமாப் பேசினாராமே?”

அக்கா தலைகுனிந்தாள். சித்தாள்களும் கொத்தனார்களும் பார்த்துக்கொண்டிருக்க, ‘உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பதானே புரியுது’ என்று கட்டடக்காரர் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. பக்கத்தில் நின்ற தம்பியின் மணிக்கட்டை அன்று அவள் இறுகப் பிடித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

“பேசினார் சார். துடைச்சுப் போட்டுட்டேன். கோவப்பட்டா எனக்குக் கட்டுப்படியாகுமா? நான் உள்ள போயிட்டா என் தம்பிக்கு யாரிருக்கா? மூணு வயசுலேருந்து நான் வளர்த்தவன். நான் நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். உலகம் தெரியாது சார் அவனுக்கு.”

“இதெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க.”

அவ்வளவுதான்... முடிந்தது!

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் தெரு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்விட்டால் பட்டறையின் கதவைத் திறக்கக்கூட ஆளிருக்காது.

கையறு நிலையில் மீண்டும் அந்தச் செய்தியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

“சார்! அந்த இடைவெளியைப் பாருங்க!”

“எந்த இடைவெளி?”

“‘கட்டடக்காரர்’ தனியா இருக்கு, ‘ஐ’ தனியா இருக்கு. மனுஷன் எவனாவது இப்படி எழுதுவானா? ‘கட்டடக்காரரை’ன்னு சேர்த்துத்தானே எழுதுவோம்? அது ஒட்டத் தெரியாம மெஷின் ஒட்டினது சார்! எந்தப் பேரைக் குடுத்தாலும் பின்னால ஒரு ‘ஐ’யைப் போட்டுடும்!”

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

பெயரோடு உடலும் உயிருமாய்க் கலந்து நிற்க வேண்டிய இரண்டாம் வேற்றுமை உருபு அங்கே அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். செயலி எழுதினால் அதற்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள்!

“என் போனைத் திறங்க சார். மத்தவங்களுக்குப் போனதையும் பாருங்க!”

ஏட்டு திறந்தார். விரலால் தள்ளத் தள்ள அவருடைய வாய் பிளந்தது.

“‘தச்சர் ஐ இன்று மாலைக்குள் தீர்த்துவிடவும்’... ‘சலவைக்கடைக்காரம்மா ஐ இன்று மாலைக்குள்’... சார்! ‘பள்ளி முதல்வர் ஐ’ன்னு கூட இருக்கு சார்!”

“போன் போடுங்க அந்தச் சலவைக்கடைக்கு!”

மணி அடித்தது. எடுத்தார்கள்.

“ஏம்மா, உயிரோட இருக்கீங்களா?”

“யாருய்யா நீ? வேலைவெட்டி இல்லையா? வைய்யா போனை!”

“இருக்காங்க சார்,” என்றார் ஏட்டு பணிவாக.

அடுத்து, செயலி விற்ற பிரதிநிதி. அவனுடைய குரல் ஒலிபெருக்கியில் தேனாக வழிந்தது.

“மேடம் எதையுமே டைப் பண்ணத் தேவையில்லை சார்! அதுதான் நம்ம ஆப்போட ஸ்பெஷாலிட்டி! பணம் வராட்டி மெசேஜ் தானாப் போயிடும்.”

“அந்தத் தமிழை எழுதினது யாரு?”

“மெஷின் சார்.”

“தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூடவா இல்லை?”

“ஒருத்தர் இருந்தார் சார். செலவைக் குறைக்கணும்னு அனுப்பிட்டோம்.”

“அனுப்பிட்டீங்களா, தீர்த்துட்டீங்களா?”

இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்.

“‘அவருடைய கணக்கைத் தீர்க்கவும்’னு போட வேண்டியதுதானேய்யா?”

“போட்டா நீளமாயிடும் சார். ஒரு மெசேஜுக்குள்ள அடங்காது. ஆனா நூறு சதவீதம் தானியங்கி சார்! அந்தக் கடனாளிக்கு ஒரு காப்பி போகும், கடையோட வசூல் பொறுப்பாளருக்கு ஒரு காப்பி போகும். மேடத்துக்கு அது போனதே தெரியாது!”

இன்ஸ்பெக்டர் தொடர்பைத் துண்டித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“சரிம்மா. உங்க மேல தப்பில்லை. வேற ஏதோ பகையாத்தான் இருக்கணும். நீங்க கிளம்பலாம்.”

அக்கா எழுந்தாள். கைகூப்பினாள். வாசலை நோக்கித் திரும்பினாள்.

வாசலில் தம்பி நின்றிருந்தான்.

எப்போது எழுந்து வந்தான்? எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்?

அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“அக்கா...”

“ஒண்ணுமில்லடா. விட்டுட்டாங்க. வா, வீட்டுக்குப் போலாம்.”

“அப்ப... அதை நீ அனுப்பலையா அக்கா?”

ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

“என்னடா சொல்றே?”

“என் போனுக்கும் வந்துதே... நீதானே என் நம்பரை வசூலுக்குன்னு போட்டே. மத்தவங்க பேர் வந்தப்ப, போய்ப் பணம் கேக்கச் சொல்றேன்னுதான் புரிஞ்சுது. இவன் பேரைப் பாத்ததும்...”

“டேய், பேசாதே!”

“...வேற மாதிரி புரிஞ்சுது அக்கா. அன்னிக்கு நீ என் கையைப் பிடிச்சு, ‘பொறுடா’ன்னே. பொறுத்தேன். இப்ப நீயே சொல்லிட்டேன்னு நினைச்சேன். காலையில போலீஸ் வந்தப்பகூட நீ கண்ணைக் காட்டினியே, அதனாலதான் வாயைத் திறக்கலை.”

பயப்படாதே என்பதற்காக அவள் காட்டிய கண் அது!

அக்கா சுழன்றாள். மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“சார்! நான்தான் சொன்னேன்! நான்தான் அனுப்பினேன்! அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைப் பிடிச்சுப் போடுங்க சார்!”

இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இப்பதானேம்மா இல்லைன்னு நிரூபிச்சீங்க. நானே நம்பிட்டேன். இனிமே எந்தக் கோர்ட்டும் உங்களைக் குற்றவாளின்னு சொல்லாது.”

“சார்... அந்த இடைவெளி... அது நான் தெரியாமப் போட்டது சார்...”

“போதும்மா.”

விலங்கு பூட்டப்படும் ஓசை கேட்டது. தம்பி எதிர்க்கவில்லை. கையை நீட்டு என்றார்கள், நீட்டினான். நட என்றார்கள், நடந்தான். திரும்பிப் பார் என்று யாரும் சொல்லவில்லை, அவன் பார்க்கவுமில்லை.

விடுதலையாகிவிட்ட அக்கா தரையில் அப்படியே சரிந்தாள்.

ஏட்டு தம்பியின் கைப்பேசியை உறையிலிட்டு முத்திரை வைக்கப் போனவர், ஒரு கணம் தயங்கி, அந்த ஒற்றை எழுத்தை உற்றுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“உயிரெழுத்துன்னுதான் சார் நமக்குச் சொல்லிக்குடுத்தாங்க... உயிரை எடுக்கிற எழுத்துன்னு எந்த வாத்தியாரும் சொல்லலையே!”