மருமகளின் தோட்டாக்கள்

"ஐயோ...!"

லாக்கர் அறையிலிருந்து கிளம்பிய அலறல் கட்டடத்தையே ஓர் உலுக்கு உலுக்கியது.

ரிட்டயர்ட் இன்ஸ்பெக்டர் பதறினார். இப்போது அவர் இந்தத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தின் பொறுப்பாளர். கையிலிருந்த டீயைச் சட்டைக்குக் கொடுத்துவிட்டு ஓடினார்.

அலறியது... அவருடைய மருமகள்!

"என்னம்மா, பாம்பா?"

"பாம்பா இருந்தா நானே சுட்டிருப்பேனே மாமா! என் தோட்டாப் பெட்டியைக் காணோம்!"

லாக்கர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

இன்றைய போட்டியில் ஆணோ பெண்ணோ, முதலில் வரும் ஒரே ஆளுக்குத்தான் தேசிய அணியில் இடம். அதற்காக மருமகள் பட்ட பாடு கொஞ்சமா? துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, பேட்ச் பேட்சாகத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, திரும்பத் திரும்ப ஒரே ஓட்டையில் நுழைந்த பேட்சைப் பொறுக்கி வைத்திருந்தாள்.

"போட்டியை நிறுத்தட்டுமா?"

"வேணாம் மாமா. பைல வேற பெட்டி ஒண்ணு கிடக்கு. ஒப்பேத்திக்கறேன். ஆனா திருடன்?"

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார்.

"தானா மாட்டுவான்! உன் துப்பாக்கிக் குழலுக்குப் பிடிச்ச தோட்டா அடுத்தவன் குழலுக்கும் பிடிக்கணும்னு என்ன தலையெழுத்து? இன்னிக்கு எவன் கேவலமா சுடறானோ, அவன்தான்!"

டப்! டப்! டப்!

திரையில் எண்கள் ஓடின. மருமகளுக்குப் பத்து... பத்து... பத்து!

கடைசி மேடையில்... எட்டு. ஏழு. ஐயையோ, ஆறு!

அங்கே குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு மூச்சே நின்றுவிட்டது.

நடப்பு சாம்பியன். மருமகளின் கணவன். அவர் பெற்ற ஒரே பிள்ளை!

"பையைத் திறடா!"

"அப்பா... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே..."

"இங்க நான் அப்பா இல்லடா, அதிகாரி. திற!"

பெட்டி பல்லை இளித்தது. மூடியில் மருமகளின் கையெழுத்தில், 'சூப்பர்!'

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"ஒவ்வொண்ணா சுட்டுப் பார்த்துட்டு நான் எங்கப்பா உக்காந்திருக்கறது? அதான் இவ பார்த்து வெச்சிருக்காளேன்னு..."

"டெஸ்ட் பண்ணச் சோம்பேறித்தனம்! திருட மட்டும் சுறுசுறுப்பு! போடா வெளியே!"

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலிடம்... மருமகள்!

இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார். "கெட்டிக்காரிம்மா நீ! கைக்குக் கிடைச்ச தோட்டாவை வெச்சே கலக்கிட்டியே!"

மருமகள் அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சுட்டதுதான் மாமா என் நல்ல தோட்டா. 'சூப்பர்'னு எழுதி லாக்கரைத் திறந்து வெச்சது... உங்க பிள்ளை குறட்டை விட்டப்போ அவர் துப்பாக்கியிலயே டெஸ்ட் பண்ணி, இருக்கறதுலயே மட்டமா போனதை!"