ஒரே பெயரில் இரண்டு தட்டுகள்

மகிழினி ஒளித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை. பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக நான்கு முறை துடைத்து, வாசிப்பியின் நாக்கில் வைத்தாள். அது உள்ளே இழுத்துக்கொண்டு முனக ஆரம்பித்ததும் திரையில் வழக்கமான கேள்வி வந்தது: வெளியீடு எந்த உறைக்கு?

மாவட்டம், ஊர், வீடு, விசேஷம், தட்டின் வரிசை எண். இந்த ஐந்தையும் இதே வரிசையில் பாதையாக எழுதினால்தான் அந்தத் தட்டுக்கென்று தனிக் கோப்புறை உருவாகும். தட்டில் இருக்கும் படத்துண்டுகள் அதற்குள் போய் உட்காரும். பிறகு குறியேற்றி, பழைய ஆட்கள் வாயில் என்கோடர், அந்த உறைக்குள் என்ன இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாக ஒட்டி ஒரே படமாக்கிவிடும். திண்டுக்கல் ஒளித்தட்டு நிலையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தட்டு. பதினோரு வருடமாக அவளுடைய வேலை இதுதான்.

வெறுமை நாளுக்குப் பிறகு இந்த வேலைக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. உலகத்தின் சேமிப்புக் கிடங்குகள் எல்லாம் ஒரே மாலையில் கழுவிவிட்ட சிலேட்டைப் போல ஆனபோது, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, வாரிசுப் பட்டியல் என்று எதுவும் மிஞ்சவில்லை. காகிதத்தை அதற்கு முன்பே ஊர் கைவிட்டிருந்தது. மிஞ்சியவை பரணிலும் பீரோ மேலும் கிடந்த டிவிடிகள். ஒளியால் பொறித்தவை என்பதால் அவற்றை எதுவும் அழிக்கவில்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுமனை புகுவிழா. அரசு அவற்றைத் திரட்டி, உறவுப்பொறி என்றொன்றை அவற்றின் முன் உட்கார வைத்தது. யார் தாலி கட்டுகிறார், யார் மாலை வாங்கிப் போடுகிறார், பிள்ளை யார் மடியில் உட்காருகிறது என்று முகம் முகமாகப் பார்த்து அது உறவு எழுதியது. விசேஷ வீட்டு வீடியோவில் எவரும் இல்லாத உறவைக் கொண்டாட மாட்டார்கள் என்று சட்டசபையில் ஒருவர் பேசியதாகச் சொல்வார்கள். பொறி எழுதியதே உறவு என்று சட்டமானது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும், கூட இருந்து பார்த்துக்கொள்ளவும், செத்தால் கொள்ளி வைக்கவும் பதிவில் உள்ள உறவுக்காரர் வேண்டும்.

இந்த மாதம் மறுவாசிப்பு நடந்துகொண்டிருந்தது. முதல் வருடம் அவசரத்தில் வாசித்த தட்டுகளைப் புதிய குறியேற்றிக்காக மீண்டும் எடுக்கிறார்கள். அன்று, செவ்வாய்க்கிழமை, அவள் கையில் இருந்த பெட்டி வத்தலக்குண்டில் எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டூடியோவுடையது. மூன்றாவது தட்டு உள்ளே போனதும் திரையின் ஓரம் மஞ்சளானது. *பழைய உறையோடு பொருந்தவில்லை.*

தட்டில் நான்கு துண்டுகள்தான் இருந்தன. பதினோரு வருடத்துக்கு முந்தைய உறையில் ஆறு இருந்தன.

ஒரு தட்டு சுருங்கலாம், கெடலாம். ஆனால் உறையில் இருப்பது தட்டில் இருப்பதைவிட அதிகமாக இருக்க வழியே இல்லை. மகிழினி பெட்டியைக் கிளறினாள். அதே ஸ்டூடியோவின் இன்னொரு தட்டு கிடைத்தது. அதை வாசித்தாள். அதில் ஆறு துண்டுகள். இரண்டு தட்டுக்கும் உள்ளே பொறித்திருந்த பெயர் ஒன்றுதான்: காதுகுத்து. ஸ்டூடியோக்காரர் சோம்பேறி. எல்லாத் தட்டுக்கும் விசேஷத்தின் பெயரையே வைத்து விட்டுவிட்டார்.

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் வருட அவசரத்தில் பாதையை எழுதாமல் விட்டதுண்டு. அப்படி விட்டால் தட்டின் பெயரையே வாசிப்பி உறைக்கு வைத்துவிடும். முதலில் ஆறு துண்டுத் தட்டு இறங்கியிருக்கிறது. பிறகு நான்கு துண்டுத் தட்டு அதே பெயரில் வந்து, முதல் நான்கின் மேல் உட்கார்ந்து அவற்றை அழித்திருக்கிறது. ஐந்தும் ஆறும் பழைய வீட்டுடையவையாகவே தங்கிவிட்டன. குறியேற்றி இரண்டு வீட்டையும் ஒட்டி ஒரே விசேஷமாக்கிவிட்டது.

பழைய படத்தை ஓட்டிப் பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மூன்று வயதுப் பெண் அப்பா மடியில் உட்கார்ந்து அழுகிறது. ஐந்தாம் துண்டில் பந்தலின் நிறம் மாறுகிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய வேறொரு பெண், இளவயதுத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிறது. மொட்டையும் சந்தனமும் அழுகையும் பொறிக்கு இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகக் காட்டிவிட்டன. முதல் பெண் பெயர் தர்ஷினி. இரண்டாம் பெண்ணை மடியில் வைத்திருந்தவர் சுதாகர். அந்த இருவரும் தாய்மாமன், அக்கா மகள் என்று பதிவு. வாசித்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண்ணே இருந்தது.

பிரிவு அதிகாரி ரிஸ்வான் அவளைவிட வயதில் சிறியவர். முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சுதாகர் பேர்ல ஆஸ்பத்திரிக் குறிப்பு ஒண்ணு இருக்குக்கா. வியாழக்கிழமை இதய வால்வு மாத்துறாங்க. கையெழுத்துப் போடப்போறது தர்ஷினி."

"இன்னைக்கு நான் இதைச் சேத்தா?"

"சாயங்காலம் தானா மேல போயிரும். நாளைக்கு அந்தம்மா யாரோ, இவர் யாரோ." அவர் குரலைத் தணித்தார். "கீறல்னு எழுதி ஓரமா வைங்க. வெள்ளிக்கிழமை வாசிச்சுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் தலையாட்டப் போனாள். அதற்குள் ஆறு துண்டுத் தட்டின் பெண்ணைத் தேடிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அபிநயா, ஐம்பத்தேழு வயது, ஓசூர். அவள் பெயரில் பதினோரு மனுக்கள் இருந்தன, வருடத்துக்கு ஒன்று. *என் தாய்மாமன் பெயர் சுதாகர் என்று ஞாபகம். வத்தலக்குண்டுப் பக்கம். அம்மா சாகும்போது அவரைப் பார்க்க ஆசைப்பட்டார்.* பதினோரு முறையும் ஒரே பதில்: அப்பெயருடையவருக்கு வேறு அக்கா மகள் பதிவாகியுள்ளார்.

"வேணாம் சார்," என்றாள் மகிழினி. இரண்டு தட்டுக்கும் பாதையை முழுதாக எழுதினாள். கடைசியில் வரிசை எண்ணையும் சேர்த்தாள். பிறகு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நாகல்நகரில் வீடு. தர்ஷினி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மதியச் சுற்று முடிந்து, வேனை வாசலில் நிறுத்திக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூடத்தில், மூன்று தலையணை அணை கொடுத்துச் சாய்ந்திருந்தார் சுதாகர். எழுபத்தாறு வயது. எட்டு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறார்.

"வியாழக்கிழமைக்காகச் சரிபார்க்க வந்தீங்களா? எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்," என்றார் தர்ஷினி.

"இல்லைங்க. நான் செஞ்ச தப்பைச் சொல்ல வந்தேன்."

மகிழினி வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் கலைந்துபோயின. தட்டு, பெயர், உறை என்று தொடங்கித் தடுமாறி, கடைசியில் நேராகச் சொன்னாள். "அன்னைக்கு நான் பாதையை எழுதல. ஒரே பேர்ல ரெண்டு வீடு கலந்துருச்சு. ஐயா மடியில வச்சிருந்தது இவங்களை இல்ல. அபிநயான்னு ஒரு பிள்ளையை."

சுதாகர் தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அபியா? எங்கக்கா மக அபியா? அவ உசுரோட இருக்காளா?"

"ஓசூர்ல இருக்காங்க. பதினோரு வருஷமா உங்களைத் தேடிக்கிட்டிருக்காங்க."

"எங்கக்கா?"

"அவங்க இல்லைங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அபி, அபி" என்று அடித்தொண்டையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. அக்காள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு, அபியின் காதுகுத்துக்குப் பிறகு வடக்கே போனவள். போன பிறகு நான்தான் பேச்சை முறித்தேன், தர்ஷினியை அபிக்குப் பின் பிறந்த தங்கையாகவே நினைத்தேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். அவர் அழும்போது தர்ஷினி பக்கத்திலேயே நின்றிருந்தார். சுதாகர் அவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தர்ஷினி மெதுவாகக் குனிந்து, பாதி குடித்த ஹார்லிக்ஸ் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மகிழினியும் பின்னாலேயே போனாள். தர்ஷினி குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

"எனக்குத் தெரியும்."

"என்னங்க தெரியும்?"

"எங்கம்மா ஒத்தப் பொண்ணு. கூடப் பொறந்தவங்க கிடையாது. நான் ஆறு வயசுல ஆஸ்டலுக்குப் போயிட்டேன், இருந்தாலும் அது ஞாபகம் இருந்துச்சு." அவர் குழாயை மூடினார். "முதல் தடவை வந்தப்போ ரெண்டு கிலோ மாம்பழத்தோட வாசல்ல நின்னாரு. உள்ளகூட வரல. 'உன்னத் தேடாம விட்டுட்டேன், மன்னிச்சுருத்தா'ன்னாரு. என்கிட்ட அதுவரைக்கும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்ல. நீங்க நெனச்சுக்கிட்டிருக்கிற ஆள் நான் இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பதினோரு வருஷம் போயிருச்சு. அங்க ஒருத்தி தேடிக்கிட்டிருப்பான்னு நெனைக்கவே இல்ல."

கூடத்திலிருந்து சுதாகர் கூப்பிட்டார். "தர்ஷி! எங்க போயிட்ட?" தர்ஷினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மகிழினிக்குத் தெரியாது. அவள் பின்வாசல் வழியாகவே வெளியேறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஓசூருக்கு அவளே பேசினாள். மறுநாள் காலை பதிவு மாறியது.

வியாழக்கிழமை அவளை யாரும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரயில் தாமதமாகி அபிநயா வந்து சேர்வதற்குள் சுதாகரை அறுவைக்குத் தயார்ப்படுத்த உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அபிநயா உயரமான பெண். ஆலைச் சீருடைக்கு மேலே ஒரு சால்வை. தர்ஷினியைப் பார்த்ததும் கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார். தர்ஷினிதான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

செவிலி படிவத்தோடு வந்தார். "பதிவு உறவு யாரு?"

"நான்," என்றார் அபிநயா.

"எந்த மருந்தாவது அவருக்கு ஒத்துக்காதா?"

அபிநயா தர்ஷினியைப் பார்த்தார். "சல்ஃபா மாத்திரை. உடம்பு தடிச்சுரும்," என்றார் தர்ஷினி. அபிநயா அதைத் தன் கையால் எழுதினார்.

"ராத்திரி எத்தனை தலையணை?"

"மூணு. இடது பக்கம் படுத்தா மூச்சு வாங்கும்."

"கடைசியா எப்ப மயக்கம் வந்துச்சு?"

"ஆடி பதினெட்டு அன்னைக்கு, வேன்லயே."

நான்காவது கேள்வியிலிருந்து செவிலி தர்ஷினியைப் பார்த்தே கேட்டார். பதில்களை அபிநயா எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் கையெழுத்தும் போட்டார். சாயங்காலம் அறுவை முடிந்து சுதாகரைத் தீவிரக் கவனிப்புக்கு மாற்றியதும் செவிலி பச்சை நிறப் பட்டையோடு வந்தார். கூட இருக்க உறவு ஒருவருக்குத்தான் அனுமதி. அதைக் கையில் கட்டினால்தான் தீவிரக் கவனிப்பின் கதவு திறக்கும்.

அபிநயா கையை நீட்டவில்லை.

"மயக்கம் தெளியுறப்போ பதறுவாங்களா?" என்று கேட்டார்.

"வயசானவங்கன்னா பதறுவாங்க. தெரிஞ்ச குரல் கேட்டா அடங்கிருவாங்க."

"அப்ப இதை இவங்க கையில கட்டுங்க."

"இவங்க பேர் பதிவுல இல்லையேம்மா."

"பட்டையில என் பேர்தானே இருக்கு? அது என் பேராவே இருக்கட்டும்."

செவிலி, பதிவக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த மகிழினியை ஏறிட்டுப் பார்த்தார். ஒருவர் பெயரில் இன்னொருவரை வைப்பதன் விலையை அவளைவிட அறிந்தவர் அந்தத் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அவள் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

செவிலி பட்டையைத் தர்ஷினியின் மணிக்கட்டில் கட்டினார். தர்ஷினி எதுவோ சொல்ல வாயெடுத்தார். "போங்க, முழிச்சிரப் போறாரு," என்றார் அபிநயா. கதவு பச்சை காட்டித் திறந்து, தர்ஷினிக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மகிழினி பெஞ்சில் அபிநயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்களை மாதிரி இன்னும் எத்தனை பேரு?" என்றார் அபிநயா.

"அந்த ஒரே பேர்ல மட்டும் முந்நூத்திப் பன்னிரண்டு தட்டு இருக்கு. ஒவ்வொண்ணா வாசிக்கணும். சேக்கிறதுக்கு முன்னாடி அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்."

அபிநயா தலையாட்டினார். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்துக் கூச்சத்தோடு கேட்டார்.

"மாமா குரல் எப்படிங்க இருக்கும்?"

மகிழினி யோசித்தாள். "கரகரன்னு இருக்கும். நான் நெறையக் கேக்கல. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்பதான் கேட்டேன்."