முதல் அரை மணி இலவசம்

போன் அலறியது.

கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்த கார்லிஸ் பெண்டர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் வெற்றி பெற்றவள்... கிளையண்டுகள் என்னைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள்..." என்று தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது அவள் வழக்கம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே தவிர, யாரும் வந்தபாடில்லை.

கார்லிஸ் ஒரு கோச்.

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் இல்லையா... அந்த ஆலோசகர்களுக்கு ஆள் பிடிக்கும் வித்தையையும், மனசைத் தளரவிடாமல் வைத்துக்கொள்ளும் வித்தையையும் சொல்லித் தருகிறவள். ஊருக்கெல்லாம் ஆள் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு ஆள் கூட மிச்சமில்லை. திங்கட்கிழமையிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். சொந்த அக்காவுக்குக் கூட அது தெரியாது.

இன்றைக்கு சனிக்கிழமை.

கராஜையே ஆபீஸாக்கி வைத்திருந்தாள். மெசா நகரத்து ஜூலை வெயிலில் அது காலையிலேயே கொதிக்க ஆரம்பித்திருந்தது.

போனை எடுத்தாள். குரலில் சர்க்கரையைக் கொட்டினாள்.

"அற்புதமான காலை வணக்கம். கார்லிஸ் பேசறேன்."

"மேடம், உங்க வெப்சைட் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ஃப்ரீனு போட்டிருக்கே... நிஜமாவே ஃப்ரீயா?"

ஆண் குரல். நடுத்தர வயசு. பின்னணியில் கார் ஓடும் சத்தம்.

"நிஜமாவே ஃப்ரீதான். உங்க பேரு?"

"ரஸ்."

"சொல்லுங்க ரஸ். இன்னைக்கு உங்களை எது உறுத்துது?"

கேட்டுக்கொண்டே, மானிட்டருக்கு மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். வலியைக் கேள். வலியைக் கிளறு. கனவைக் காட்டு. தடையை உடை. விற்றுவிடு. இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேர் சுவரிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கும். எதிராளி என்ன சொன்னாலும் அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதான்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு மேடம். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே வரேன். கை வர மாட்டேங்குது."

"அப்படிச் சொல்லாதீங்க. அது நெகட்டிவ். 'கை வந்துடுச்சு'னு சொல்லுங்க."

"கை வந்துடுச்சு."

"குட். அந்த வேலை முடிஞ்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நிம்மதியா தூங்குவேன். நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கிற ஆள் இறங்கிப் போன மாதிரி இருக்கும்."

கார்லிஸுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. இவன் பணம் கட்டி கோர்ஸ் வாங்குவான். நிச்சயம் வாங்குவான். சூப்பர் மார்க்கெட்காரனிடம் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எது உங்களைத் தடுக்குது ரஸ்?"

"பயம்தான். மாட்டிப்பேனோனு."

"பயம்ங்கிறது நாமளா கட்டற கதை. 'தோத்துட்டா என்ன ஆகும்'னு நினைக்காதீங்க. 'ஜெயிச்சுட்டா'னு நினைங்க."

"என் பொண்டாட்டி வேண்டாங்கறா."

"பின்னால பிடிச்சு இழுக்கறவங்ககிட்டேர்ந்து விலகி இருங்க. அது யாரா இருந்தாலும் சரி."

"விலகியாச்சு. டூஸான்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

"பிரமாதம். வேலைக்குத் தேவையானதெல்லாம் கையில இருக்கா?"

"பக்கத்து சீட்லயே இருக்கு."

"அப்புறம் எதுக்கு நாளைக்குனு தள்ளிப் போடறீங்க? இன்னைக்கே முடிச்சிடுங்க. வேலை முடிஞ்ச மாதிரி கண்ணை மூடிப் பாருங்க."

"கார் ஓட்டிட்டிருக்கேன் மேடம்."

"சரி, கண்ணைத் திறந்துட்டே பாருங்க. என்ன தெரியுது?"

பின்னணியில் காரின் வேகம் குறைந்தது.

"ஒரு பொம்பளை தரையில கிடக்கறா."

கார்லிஸின் பேனா நின்றது.

"பொ... பொம்பளையா? யாரு ரஸ்?"

"என் கோச்."

அவள் வாயைத் திறப்பதற்குள், போனில் அவன் காருடைய வழிகாட்டும் குரல் குறுக்கே புகுந்தது. பதற்றமே இல்லாத பெண் குரல்.

'நீங்கள் சேர வேண்டிய இடம் வலது பக்கத்தில் உள்ளது.'

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நிறம் மங்கிப் போன ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

உள்ளே ஒரு ஆள். காதில் போன். மடியில்...

துப்பாக்கி.

"பேர் சொன்னப்பவே ஞாபகம் வரும்னு நினைச்சேன். வரலை இல்ல? ரஸ் டாலிவர். கார்ப்பெட் க்ளீனிங். போன வருஷம் உங்க கோர்ஸ்ல இருந்தேன்."

"ரஸ்... நான்..."

"போனை வெச்சுடாதீங்க மேடம். வெச்சா அந்த நிமிஷமே உள்ளே வந்துடுவேன். அரை மணி நேரம் ஃப்ரீனு சொன்னீங்க. முழுசா வாங்கிக்காம விட மாட்டேன்."

கார்லிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெளியே போகும் கதவு அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. வீட்டுக்குள் போகும் கதவை அவளே புத்தக ஷெல்ஃப் வைத்து மறைத்திருந்தாள், வீடியோவில் பேசும்போது பின்னணி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று. அதில் இருந்த புத்தகங்களில் பாதியை அவள் பிரித்ததே இல்லை. ஷெல்ஃபை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

போலீஸைக் கூப்பிட வேறு போனும் கிடையாது.

 பேசினாள். பேசித்தான் ஆக வேண்டும்.

"ரஸ், நீங்க நல்ல மனுஷன். உங்களுக்குள்ள எவ்வளவோ திறமை..."

"அது உங்க ரெண்டாவது பாடம். அடுத்தது."

"இதைச் செஞ்சா உங்க வாழ்க்கையே நாசமாப் போயிடும். ஜெயிலுக்குப் போவீங்க."

"நெகட்டிவ் பேசறீங்களே மேடம்."

"நான் விளையாடலை!"

"நானும் விளையாடலை. கார்ப்பெட் பிசினஸ் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. கார்ப்பெட் கழுவறதை விட, கழுவறவங்களுக்கு ஐடியா சொல்றதுதான் மேல்னு நீங்க சொன்னீங்க. மிஷினை எல்லாம் வித்தேன். சூட்டு தெச்சேன். 'கன்சல்டன்ட்'னு கார்டு அடிச்சேன். ஒருத்தன் வரலை மேடம். ஒருத்தன் கூட. உங்களுக்கு போன் பண்ணா, 'உன் எண்ணம் சரியில்லை, அதான் வரலை'னீங்க. என் பொண்ணு காலேஜை விட்டுட்டு ஓட்டல்ல தட்டு எடுக்கறா. அதுக்கும் என் எண்ணம்தான் காரணமா?"

கார்லிஸ் மானிட்டர் பக்கம் திரும்பினாள். காகிதத்தைப் பார்த்தாள். தடையை உடை என்று அது வெட்கமில்லாமல் சொன்னது.

வண்டியின் கதவு திறந்தது. பூட்ஸ் கால் ஒன்று கீழே இறங்கியது.

அவ்வளவுதான். அவள் உடைந்து போனாள்.

"எல்லாம் பொய் ரஸ்."

கால் அப்படியே நின்றது.

"என்ன?"

"எல்லாமே பொய். எனக்கு ஒரு கிளையண்ட் கூட இல்லை. வெப்சைட்ல சிரிக்கற முகமெல்லாம் யாருனே எனக்குத் தெரியாது, வாங்கிப் போட்ட போட்டோ. அந்தப் பாராட்டு எல்லாம் நானே உக்காந்து எழுதினது. உங்களுக்கு வரலைனு நீங்க சொன்னப்ப எனக்கும் வரலை. ஆனா 'எனக்கும் வரலை'னு சொல்ல வாய் வரலை. அந்தப் பழியை உங்க மேல போட்டேன். திங்கட்கிழமை நான் கேஷியர் வேலைக்குப் போறேன். நேத்து அந்த யூனிஃபார்மைப் போட்டுப் பார்த்துட்டு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். எத்தனையோ வருஷமாக யாரிடமும் சொல்லாததைத் தன்னைக் கொல்ல வந்தவனிடம் சொன்னதில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி கூட இருந்தது.

ரஸ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அப்போ இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"ப்ராக்."

யோசிக்கவே இல்லை. உயிர் பிழைக்கிற அவசரம் அப்படி.

"எந்த ப்ராக்?"

"ப்ராக் லிண்டால். என் கோச். நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் வார்த்தை மாறாம அவர் எனக்குச் சொன்னது. நானும் ஏமாந்தவதான் ரஸ்."

"எங்கே இருப்பார்?"

"ஸ்காட்ஸ்டேல்ல. சனிக்கிழமைனா ஹோட்டல்ல மீட்டிங் நடத்துவார். கால்வாய் பக்கத்துல இருக்கே, அந்தப் பெரிய ஹோட்டல்..."

பூட்ஸ் கால் வண்டிக்குள் போனது. கதவு சாத்திக்கொண்டது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். இப்போதான் உருப்படியா ஒரு யோசனை சொன்னீங்க."

பிக்கப் வண்டி தெரு முனையில் திரும்பி மறைந்தது.

கார்லிஸ் தரையில் உட்கார்ந்து, உயிரோடு இருப்பதற்காகக் கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

பிறகுதான் மண்டையில் உறைத்தது, தான் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்று.

போலீஸுக்குப் போன் பண்ண வேண்டும். எடுத்தாள். விரல் நின்றது. 'அவனுக்கு இடத்தைச் சொன்னது யார்?' என்று கேட்பார்களே... 'இன்னைக்கே முடிச்சிடுங்க'னு சொன்னது யார் என்று கேட்பார்களே...

போனைக் கீழே வைத்தாள்.

கண்ணை மூடினாள்.

'ஒன்றும் ஆகாது. பாதி வழியில் மனசு மாறி அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான். கெட்டதை நினைத்தால்தான் கெட்டது நடக்கும். நல்லதை நினை கார்லிஸ், நல்லதையே நினை...'

நினைத்தாள். ஐஸ் டீ கலக்கிக் குடித்துக்கொண்டே நினைத்தாள்.  எவ்வளவு நினைத்தும் ப்ராக்கின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. கடைசியில் தாங்க முடியாமல் அவர் நம்பருக்கு அடித்தாள்.

எடுத்தது ப்ராக்கின் உதவியாளர் ஷெல்பி. பின்னால் பெரிய கூட்டத்தின் ஆரவாரம்.

"ஷெல்பி, கார்லிஸ் பேசறேன். ப்ராக்கை உடனே மேடையை விட்டு இறங்கச் சொல்லு. ஒருத்தன் துப்பாக்கியோட வந்துட்டிருக்கான்."

"கார்லிஸ் அக்கா... மத்தியானம் வரைக்கும் நெகட்டிவ் செய்தி எதுவும் ப்ராக் காதுக்குப் போகக் கூடாது. ரூல் உங்களுக்கே தெரியுமே."

"ஷெல்பி, அவன் கொல்ல வரான்."

"அதையே பாசிட்டிவா மாத்திச் சொல்லுங்களேன், சீட்டுல எழுதி மேடைக்குக் குடுத்துடறேன்."

"இதை எப்படிம்மா பாசிட்டிவா சொல்றது?"

"'உங்களை நேர்ல பார்க்க ஒருத்தர் ரொம்ப ஆர்வமா வந்துட்டிருக்கார்'னு எழுதட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? கதவைச் சாத்து. எல்லாக் கதவையும் சாத்து."

"கதவைச் சாத்தக் கூடாதுக்கா. வாய்ப்பு வர்ற வழி அதுதான்னு ப்ராக் சொல்வார்... ஒரு நிமிஷம், யாரோ மேடை மேலேயே ஏறிட்டார். ப்ராக் கை குலுக்கி வரவேற்கறார். பார்த்தீங்களா, எவ்வளவு உற்சாகம்..."

டப்.

"என்ன சத்தம் அது?" கார்லிஸ் கத்தினாள்.

"பலூனா இருக்கும்க்கா. நிறைய கட்டியிருக்கோம்."

டப். டப்.

பிறகு அலறல்கள்.

அதற்குப் பிறகு ஷெல்பி பாசிட்டிவாக எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் டிடெக்டிவ் லெனோர் யாஸி வந்தாள். குள்ளமான உருவம், களைத்த கண்கள். கூடவே சீருடையில் ஒருவன். யாஸி அனுமதி கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ப்ராக் லிண்டால் செத்துட்டார்."

கார்லிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது. அது நடிப்பில்லை.

"ரஸ்?"

"ஓடலை. துப்பாக்கியைக் கீழே வெச்சுட்டு முதல் வரிசையில உக்காந்திருந்தான். ரொம்ப அமைதியா."

"அவன் என்னைத்தான் கொல்ல வந்தான் டிடெக்டிவ். மிரட்டினான். பயத்துல என்னென்னவோ சொல்லிட்டேன்."

"அவன் கிளம்பின உடனே எங்களுக்கு ஏன் போன் பண்ணலை?"

கார்லிஸ் தலை குனிந்தாள்.

"நல்லதையே... நினைச்சுட்டிருந்தேன்."

யாஸி பெருமூச்சு விட்டாள். பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இது ரஸ்ஸோட போன். நீங்க பேசினது முழுக்க இதுல இருக்கு. கோச் சொல்றதை ஒரு வார்த்தை விடாம ரெகார்ட் பண்ணி, திரும்பத் திரும்பக் கேக்கணும்ங்கிறது உங்க கோர்ஸ்ல முதல் பாடமாமே. ஸ்காட்ஸ்டேல் போற வழியெல்லாம் கேட்டுட்டே போயிருக்கான்."

பொத்தானை அழுத்தினாள்.

கார்லிஸின் குரலே கேட்டது. சர்க்கரையாய் இனித்த குரல்.

'பயம்ங்கிறது நாமளா கட்டற கதை... இன்னைக்கே முடிச்சிடுங்க...'

கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்தினாள்.

'ப்ராக் லிண்டால்... ஸ்காட்ஸ்டேல்ல... கால்வாய் பக்கத்துல இருக்கே...'

"தைரியம் சொல்லியிருக்கீங்க. ஆளைக் காட்டியிருக்கீங்க. இடத்தையும் சொல்லியிருக்கீங்க. அப்புறம் அவன் போய்ச் சேர்ற வரைக்கும் எங்களுக்குச் சொல்லாம இருந்திருக்கீங்க. கொலைக்கு உடந்தைனு வாரண்ட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். எழுந்திருங்க."

"ஐயோ, நான் அப்படி நினைச்சுச் சொல்லலை... அது காகிதத்துல இருக்கறதுங்க. எல்லாருக்கும் சொல்றதுதான். பாடம்." கார்லிஸ் விக்கினாள். "அவன் நிஜமாவே செய்வான்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா நான் சொன்னதை ஒருத்தர் கூடக் கேட்டுச் செஞ்சதில்லையே."

யாஸி அவள் கையைப் பின்னால் திருப்பி விலங்கை மாட்டினாள்.

"அதனாலதான் மேடம், இத்தனை வருஷமா வெளியில இருந்தீங்க."