தடமில்லாத தட்டு

கோசலை அக்காவின் தக்காளி ரசத்தில் ஒரு விலங்கு இருப்பதாகத் தடமானி சொன்னது.

நவநீதனுக்குச் சிரிப்புதான் வந்தது. அயனாவரத்தில் அக்கா இந்த மெஸ்ஸைத் திறந்து மூன்று வருஷமாகிறது. இதுவரை அந்த வாசற்படியைத் தாண்டி ஒரு பால் பாக்கெட் உள்ளே போனதில்லை. தேன் இல்லை, நெய் இல்லை, மோர்க்குழம்புக்குக்கூட நிலக்கடலைப் பாலில் உறைய வைத்த தயிர்தான். தடமானியின் ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி ரசத்தில் முக்கினான். நாலு விநாடி. பேனா அளவுக் கருவியின் தலையில் மறுபடியும் சிவப்பு விளக்கு. அதன் கீழே, வழக்கம்போல, எந்த விலங்கு என்பதும் வந்தது.

மனிதன்.

"என்ன தம்பி, உப்பு தூக்கலா?" என்று கேட்டார் அக்கா, வியர்வையை முந்தானையில் ஒற்றிக்கொண்டே.

"உப்பெல்லாம் சரியா இருக்குக்கா" என்றான். வேறு என்ன சொல்வது?

இந்தத் தடமானி சாமானியப்பட்ட கருவி இல்லை. எந்த உயிரும் தொட்ட இடத்தில் தன் செல்லை உதிர்த்துவிட்டுப் போகிறது. ஊசி அந்தச் செல்லைப் பிடித்து, மரபணுவைப் படித்து, எந்த விலங்கினுடையது என்று சொல்லிவிடும். நகரத்தில் வாரத்துக்கு நாலு, பாலும் தேனும்கூடத் தொடாத நனிசைவ உணவகம் முளைத்தது. முளைத்த மறுநாளே நவநீதன் ஊசியோடு போய் உட்கார்ந்துவிடுவான். அவன் வெளியிடும் பச்சைப் பட்டியலை நாலு லட்சம் பேர் படித்தார்கள். அவியலில் தயிரை ஒளித்த பெரிய ஹோட்டல்காரர்களையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறான். 'பேரிலேயே வெண்ணெயை வச்சுக்கிட்டு இவன் அடிக்கிற கூத்தைப் பாரு' என்று கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டுமே! அரசாங்கமே அவன் வழிக்கு வந்து சட்டம் போட்டுவிட்டது. மூன்று முறை சிவப்பு எரிந்தால் உணவகத்தின் உரிமம் போச்சு.

அன்று காலையில்தான் தடமானிக்குப் புதுப்பிப்பு வந்திருந்தது. இனிமேல் ஒரே ஒரு செல் இருந்தாலும் பிடித்துவிடும். அப்படி ஒரு நுட்பம் வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? நம் ஆள்தான்.

அன்று மாலைக்குள் பட்டியலில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு உணவகமும் சிவந்துவிட்டன. மாவு பிசைந்தவர் கை, கீரை ஆய்ந்தவர் நகம், தாளிக்கும்போது தும்மியவர் மூக்கு. தடமானி ஒன்றையும் விடவில்லை.

நவநீதன் நனிசைவத் தர மன்றத்துக்கு ஓடினான். அவனும் பதினோரு நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய மன்றம்தான் அது; சோதனை விதிகளை வகுப்பதும் அதுதான். செயலாளர் தில்லைநாயகி அவனுக்கு நல்ல சிநேகிதி. போனதும் தண்ணீர் கொடுத்தார்.

"தில்லை, மனுசத் தடத்தைக் கணக்குல சேக்காம விட்டுடச் சொல்லுங்க. ஒரு வரித் திருத்தம். அவ்வளவுதானே!"

"ஏன் விடணும்? மனுசன் விலங்கு இல்லையா?"

"அதுக்கில்ல..."

"மனுசனும் ஒரு விலங்குதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போனது நீங்கதானே? இப்ப மனுசனுக்கு மட்டும் தனிச் சலுகையா? அதைத்தானே நாம இத்தனை நாளா எதிர்த்தோம்?"

நவநீதன் தண்ணீரைக் கீழே வைத்தான். "பசு தானாக் குடுக்கல, நாம பறிக்கிறோம். அந்த அக்கா மனசார ஆக்கிப் போடுறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

தில்லைநாயகி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "பால்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. எங்க லட்சுமி மனசாரச் சுரக்குதுன்னு. நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

வாதத்தில் தன்னையே தான் தோற்கடித்துவிட்டு ஒரு மனுஷன் வீடு திரும்பினால் எப்படி இருக்கும், அப்படித் திரும்பினான். வீட்டில் சமைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். சமைத்தானே! கோதுமைக் கஞ்சி, அவனே காய்ச்சியது. ஊசியை முக்கினான். மனிதன். சிவப்பில் கை வைக்க மாட்டேன் என்று நாலு லட்சம் பேர் முன்னால் சத்தியம் செய்தவன் அவன். கஞ்சியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஆலையில் கை படாமல் அடைத்து வரும் பொதிக்கூழ் ஒன்றைப் பிதுக்கி விழுங்கினான். சுவரைச் சுரண்டித் தின்கிற மாதிரி இருந்தது.

மறுவாரம் கோசலை அக்காவும் மெஸ்ஸில் வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். முடியை மூடி, வாயை மூடிச் சமைத்தார்கள். சோதனை அதிகாரி வந்து ஊசியை முக்கினார். சிவப்பு. இரண்டாவது முறை.

"இன்னும் ஒரு தடவைதான் தம்பி" என்றார் அக்கா. "இந்தக் கடையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? இந்தப் பொண்ணுங்க எங்க போகும்? உங்க பட்டியல்ல ஒரு வார்த்தை எழுதுங்களேன். இங்க தப்பு ஒண்ணும் நடக்கலன்னு எழுதுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

எழுதினான். நாலு லட்சம் பேரில் இரண்டாயிரம் பேர் அவனை விலைபோனவன் என்றார்கள். மற்றவர்கள் அதுகூடச் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி அமைச்சர் அலுவலகத்தில் ஒன்பது நாள் காத்திருந்தான். 'நீங்க கேட்டுத்தானே சார் போட்டோம்' என்று அங்கே மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் அவனே அலைந்து ஆறு முழுவுடல் கவசம் வாங்கி வந்தான். மூச்சுக் காற்றுகூட வெளியே கசியாத ரகம். காய்கறி, பருப்பு எல்லாவற்றையும் கதிர்ப்பெட்டியில் காட்டி, பறித்த கை, மூட்டை கட்டிய கை அத்தனையின் தடத்தையும் பொசுக்கினார்கள். அக்கா ருசி பார்க்கக்கூட முடியாமல் கண்ணாடி முகமூடிக்குள்ளிருந்து குத்துமதிப்பாக உப்புப் போட்டார். அதிகாரியும் தன் கவசத்தோடு வந்து அடுக்களையில் ஊசியை முக்கினார்.

பச்சை!

நவநீதன் குழந்தை மாதிரி குதித்தான். அக்கா முகமூடிக்குள்ளேயே அழுதுவிட்டார். துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. எத்தனை நாளாயிற்று அவன் ஒரு வாய் சோறு சாப்பிட்டு! மணை மாதிரி அகலமான தட்டில் சோறு, மோர்க்குழம்பு, சேனை வறுவல். ஆவி பறக்கக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள்.

"இருங்க சார்" என்றார் அதிகாரி. "சாப்பிடுற இடத்துல வச்சு ஒரு தடவை பாக்கணும். விதி."

அடுக்களையில் ஒன்றைக் காட்டிவிட்டு மேசையில் வேறொன்றை வைக்கிற ஹோட்டல்காரர்களைப் பிடிக்க அந்த விதியைக் கேட்டு வாங்கியதும் அவனேதான். ஊசி சோற்றில் இறங்கியது. தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் விட்ட மூச்சு, ஆசையாக அக்காவிடம் பேசியபோது தெறித்த எச்சில், எல்லாமாகச் சேர்ந்து விளக்கைச் சிவக்க வைத்தன.

"இது என் தடம் சார்! சாப்பிடப் போறது நான். என் எச்சில் என் சோத்துல இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"தெரியுது சார். ஆனா விலங்குன்னு வந்துடுச்சே" என்றார் அதிகாரி. அவருக்கும் வருத்தம்தான். மூன்றாவது சிவப்பை எழுதாமல் பேனாவைப் பிடித்தபடியே மன்றத்துக்குப் பேசினார். நெடுநேரம் பேசினார். அந்த மெஸ்ஸைக் காப்பாற்ற ஒரு வழி இருப்பதாகத் தில்லைநாயகி சொன்னார். அக்காவுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. தலையாட்டிவிட்டார்.

இப்போது நகரத்தில் முழுப்பச்சைச் சான்று பெற்ற உணவகம் அது ஒன்றுதான். கூடத்தையும் வாசலையும் பிரித்துக் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். உள்ளே கவசம் போட்ட ஆறு பெண்கள் தினமும் சமைத்து மேசைமேசையாகப் பரிமாறுகிறார்கள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் பச்சை விளக்கு எரிகிறது. சாப்பிட மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. ஆள் உள்ளே வந்தால் சோறு கெட்டுவிடும் அல்லவா? ஊரெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரிசையில் நின்று பார்க்கிறது. இதுதான் உண்மையான நனிசைவம் என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். காட்டிக்கொண்டே பொதிக்கூழைப் பிதுக்கி விழுங்குகிறார்கள். பச்சைப் பட்டியலில் இன்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

ஒரு மத்தியானம் அவனும் அந்த வரிசையில் நின்றான். பொதிக்கூழ் தொண்டையில் இறங்குவதை நிறுத்தி இரண்டு நாளாகிவிட்டது. சட்டை தோளில் தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோசலை அக்கா ஆறிப்போன தட்டை எடுத்துவிட்டுச் சூடான தட்டை வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவனைப் பார்த்துவிட்டார். குரல் வெளியே வராது. கையுறை போட்ட விரல்களைக் குவித்து, முகமூடியின் வாய்ப்பக்கம் கொண்டுபோய், புருவத்தைத் தூக்கிக் கேட்டார். சாப்பிட்டாச்சா?

நவநீதன் சிரிக்கப் பார்த்தான். பிறகு, ஆச்சு அக்கா, வயிறு நிறைய ஆச்சு என்று தலையை ஆட்டினான்.