மூச்சு எடுக்கும் பக்கம்

மிதவை மட்டும்தான் கிடந்தது. ஜெமிமாவைக் காணவில்லை.

நீந்துகிறவள் இடுப்பில் கயிறு கட்டி இழுத்துவரும் ஆரஞ்சு மிதவை அது. சற்று முன்புவரை அவள் பின்னால் சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு முங்கு முங்கியது, மேலே வந்தது, அப்புறம் அசையவில்லை. படகில் இருந்த பயிற்சியாளர் மெர்வின், அவளுக்குக் கொடுக்கும் கருப்பட்டித் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், தாமிரபரணி எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்ட வன்னியராஜின் கூச்சலில் நாணலுக்குள் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தடுப்பணைக்குச் சற்று மேலே இருக்கும் அந்த இடத்தைக் கசம் என்பார்கள். ஆற்றுக்குள் ஆழம் தெரியாத குழி. வருஷத்துக்கு ஒரு உயிரை வாங்காமல் அது அடங்காது என்று ஊரில் பேச்சு. மெர்வினுக்கு அந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. ஆனால் அன்று காலை அவரும் "கர்த்தாவே" என்று அலறினார்.

பிறகு தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை வந்தது. ஜெமிமாவின் அண்ணன் ரிச்சர்ட். வளைவுக்கு அப்பால் வடகரைப் படித்துறையில் துண்டோடு காத்திருக்க வேண்டியவன். அவன் கையில் தங்கை துவண்டு கிடந்தாள். படகில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி, ஒருவழியாக அவள் இருமியபோதுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அவள் இடது கணுக்காலில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. கசத்துக்குக் கட்டைவிரல் கிடையாது.

சப்-இன்ஸ்பெக்டர் சாலோமி வந்து சேர்ந்தபோது புல்லில் இன்னும் பனி காயவில்லை. ஜெமிமாவை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். சாலோமி வாளியில் இருக்கும் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவள். திருச்செந்தூர் போனால்கூட அலைக்குப் பத்தடி தள்ளி நின்றுதான் கடலைப் பார்ப்பாள். கான்ஸ்டபிள் கிங்ஸ்டனுக்கு இது தெரியும். ஆகவே அவள் தடுப்பணைச் சுவரின் மேல் நடந்து தென்கரைக்குப் போனபோது அவன் முன்னால் நடந்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் முனகிக்கொண்டிருந்தது. சாலோமி அவன் பெல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வடகரை நாணலில் ஒன்றும் இல்லை. தென்கரை நாணலில், கசத்துக்கு நேர் எதிரே, ஓர் ஆள் நீளத்துக்குத் தண்டுகள் சாய்ந்து கிடந்தன. சாலோமி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் நாணல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சாய்ந்து கிடந்தது மட்டும் காய்ந்து கிடந்தது.

"இங்கன ஒருத்தன் படுத்துக் கெடந்திருக்கான் மேடம்" என்றான் கிங்ஸ்டன்.

"பனி விழுததுக்கு முன்னாலயே படுத்திருக்கான்."

அதைச் சொல்லும்போதே அவளுக்கு முதுகு சில்லிட்டது. இருட்டில் வந்து, விடியும்வரை அசையாமல் ஒருத்தியின் காலுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வரும் சனிக்கிழமை ஜெமிமா தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலை நீந்திக் கடக்கப் போகிறாள். மணிக்கணக்கில் கடலுக்குள். களைத்துப்போனாலும் யாரும் அவளைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த நீச்சல் செல்லாது. குடிக்கக் கொடுப்பதைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் போடுவார்கள். கூடப் போகும் படகில் இருக்கப்போகிறவர்கள் மெர்வின், ரிச்சர்ட், மாற்று வீராங்கனை பொன்செல்வி. இந்தக் கை அந்த மூன்று பேரில் ஒருவருடையது என்றால், சனிக்கிழமை அதுவும் கடலுக்கு வரும்.

மெர்வின் கரையில் உட்கார்ந்திருந்தார்.

"படகு எப்பவும் அவள ஒட்டித்தான் போகுமா சார்?"

"ஆமா. அவ மூச்சு எடுக்குத பக்கமாப் போவோம். தலையத் திருப்பும்போது அவளுக்கு எங்க முகம் தெரியணும்லா? அடுத்த பக்கம் அவளுக்குக் குருட்டுப் பக்கம். அங்க யான வந்து நின்னாலும் தெரியாது."

"ஜெமிமா எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். எங்க ஆளுகளுக்கெல்லாம் தெரியும்." அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் எழுந்து ஓடினார்.

பொன்செல்வி கரை ரோட்டில் ஓட்டப் பயிற்சியில் இருந்ததாகச் சொன்னாள். அவள் ஷூவும் பின்னலும் காய்ந்திருந்தன. ஜெமிமா கடலுக்குப் போகாவிட்டால் அந்த இடம் இவளுக்கு. அது இவளுக்கும் தெரியும், சாலோமிக்கும் தெரியும்.

"உன்னைத்தான் எல்லாரும் பேசுதாங்க."

"பேசட்டும் மேடம். நான் செய்யல."

"சரி. நீ செய்யணும்னா எங்கன ஒளிஞ்சிருப்ப?"

பொன்செல்வி கோபத்தில் யோசிக்கவே இல்லை. "வடக்கு நாணல்லதான். அவ மேக்க பாத்து நீந்துதா. இடது பக்கம் மூச்சு எடுத்தா தெற்குக் கரை முழுக்கத் தெரியும். தெக்க போயி ஒளிய நான் என்ன கிறுக்கச்சியா?"

கிங்ஸ்டனுக்குச் செந்தூர்பாண்டி மேல்தான் கண். வடகரையில் மோட்டார் வைத்து ஆற்றுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக இழுக்கிறவன். ஜெமிமா அதைப் படம்பிடித்துப் போட்டதிலிருந்து, "அந்தப் பிள்ளைய ஆத்துல வச்சே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லித் திரிந்தவன். ஆனால் அவனுக்குச் சாட்சி இருந்தது. பக்கத்துக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த இசக்கித்தாய்.

"இவன் மோட்டாரு கசியுத எண்ணெயெல்லாம் என் சேலையில. விடியுமுன்ன பிடிச்ச சண்டைம்மா. படகுக்காரர் கத்துத வரைக்கும் என் முன்னாலதான் நின்னான். இவனுக்குப் போயி நான் சாட்சி சொல்லணும்னு என் தலையெழுத்தப் பாருங்க."

"பிள்ளைய யாராவது இழுத்ததப் பாத்தீங்களா?"

"எங்கன பாக்க? படகு என் கல்ல ஒட்டிப் போச்சு. பிள்ள அதுக்கு அங்கிட்டு. படகு மறைச்சிட்டு."

"அவ அண்ணன் தண்ணியில குதிச்சதாவது தெரிஞ்சுதா? இந்தக் கரையிலதான குதிச்சானாம்."

"குதிச்சிருப்பான். மோட்டாரு சத்தத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

சாலோமி அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றாள். தண்ணீர் காலுக்கு ஒரு சாண் கீழே கறுப்பாக நெளிந்தது. அவள் மேற்கே திரும்பி நின்று, இடது கையைத் தென்கரைப் பக்கமும் வலது கையை வடகரைப் பக்கமும் நீட்டிப் பார்த்தாள். படகு இசக்கித்தாயின் கல்லை ஒட்டிப் போனதென்றால், அது ஜெமிமாவுக்கு வலப்பக்கம்.

வன்னியராஜைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இன்னைக்குப் படகு ஏன் வலது பக்கம் போச்சு?"

"கெளம்புத நேரத்துல பாப்பாதான் சொல்லிச்சு, 'இன்னைக்கு வலது பக்கம் வாங்க அண்ணாச்சி'ன்னு. ரெண்டு பக்கமும் பழகட்டும்னு சாரும் விட்டுட்டாரு."

ஆஸ்பத்திரியில் ஜெமிமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கணுக்கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் போர்த்தினால் யாரோ பிடித்திருப்பது போல இருக்கிறதாம்.

"மொதல்ல செடின்னு நெனச்சேன் மேடம். உதறினேன். செடின்னா விட்டுரும்லா? இது இறுக்கிச்சு. கண்ணாடிக்குள்ள எல்லாம் பச்சையாத் தெரிஞ்சுது. அப்புறம் கறுப்பாயிட்டு." அவள் எச்சிலை விழுங்கினாள். "கடல்லயும் வருமா மேடம்?"

சாலோமி பேச்சை மாற்ற எழுந்து கட்டிலுக்கு இடது பக்கமாகப் போனாள். ஜெமிமா அவளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை. இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்பினாள். தலையணையில் காயத்திருமேனி எண்ணெய் வாசம்.

"கழுத்துச் சுளுக்கா?"

ஜெமிமாவின் முகம் மாறியது. "நேத்து சாயங்காலம் பிடிச்சுக்கிட்டு. இடது பக்கம் திருப்பவே முடியல. சார்கிட்ட சொல்லிராதீங்க மேடம். தெரிஞ்சா சனிக்கிழமை விடமாட்டாரு. யாருக்குமே தெரியாது."

யாருக்குமே தெரியாது என்கிறாள். நாணலில் படுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சாலோமி அவர்கள் வீட்டுக்குப் போனாள். தாய் பெர்சிஸ் டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரிச்சர்ட் உடை மாற்றக் கொல்லைப் பக்கம் போயிருந்தான். முன்னறையில் ஒரு பெரியவர் வில்லாக வளைந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெரு அருமைநாயகம்.

"நீங்களும் விசாரிக்க வந்தீங்களாய்யா?"

"விசாரிக்கவும்தான்." அவர் கூச்சத்தோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இடுப்புப் பிடிச்சிட்டும்மா. ரிச்சர்ட் கால் முந்திப் பொறந்தவன்லா? அவன் காலால பைய ஒரு நீவு நீவினா சுளுக்கு ஓடிரும். வேதக்காரங்க இதெல்லாம் நம்பலாமான்னு கேக்காதீங்க. எங்க சர்ச் ஐயரே போன மாசம் பின்வாசல் வழியா வந்துட்டுப் போனாரு. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா வலி பாருங்க."

சாலோமி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரையும் ஆற்றங்கரைக்கு வரச்சொன்னாள். ஜெமிமாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள்.

"ரிச்சர்ட், படகுல ஏறு. நீ எங்க குதிச்ச, எப்படிப் போனன்னு காட்டு."

ரிச்சர்ட் கடைசிப் படிவரை வந்தான். அதற்கு மேல் கால் எடுக்கவில்லை. முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"என்னலே, ஏறு" என்றார் மெர்வின். "காலையில பாய்ஞ்சல்லா?"

"அவன் பாயல சார்" என்றாள் சாலோமி. "காலையில தண்ணிக்குள்ளேயேதான் இருந்தான். தங்கச்சியத் தூக்கிட்டு வந்ததால, இவன் ஏன் நனைஞ்சிருக்கான்னு யாரும் கேக்கல."

அவள் கையை நீட்டித் தென்கரை நாணலைக் காட்டினாள்.

"ஆள் படுத்திருந்தது தெக்க. ஜெமிமா இடது பக்கம் மூச்சு எடுக்குதவன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அப்படி நெனைக்குதவன் வடக்கதான் ஒளிவான். பொன்செல்வி கேட்ட உடனே அதைத்தான் சொன்னா. ஆனா இன்னைக்கு அவ வலது பக்கம் மூச்சு எடுத்தா. தெக்குதான் குருட்டுப் பக்கம். படகு போன பக்கத்தப் பாத்து ஒருத்தன் இடம் மாறியிருக்கலாம். ஆனா அவன் கெடந்த நாணல்ல பனியே விழல. படகு கெளம்புததுக்கு ரொம்ப முன்னாலயே தெக்க வந்து படுத்துட்டான். கழுத்துச் சுளுக்கினது அவனுக்கு நேத்தே தெரியும்." அவள் ஜெமிமாவின் பக்கம் திரும்பினாள். "யாருக்கும் தெரியாதுன்னு சொன்ன. சுளுக்கு எடுத்தது யாரு?"

ஜெமிமா வாயைத் திறந்தாள். அண்ணனை அவள் யாரோ ஒருவராக எண்ணியதே இல்லை. அதனால்தான் சொல்லவில்லை. இப்போது அவள் ரிச்சர்டைப் பார்த்தாள். உடம்போடு திரும்பித்தான் பார்க்க முடிந்தது.

"அண்ணன்" என்றாள்.

ரிச்சர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கொல்லணும்னு நெனக்கல" என்றான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால அதே கடல்ல நான் இறங்கினேன்லா. பாதியில தூக்கினாங்க. கை சோந்து போச்சுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். கை சோரல. இருட்டுல ஏதோ ஒண்ணு என் கால உரசிட்டுப் போச்சு. அவ்வளவுதான். அன்னையில இருந்து நான் வாளித் தண்ணியிலதான் குளிக்கேன். இவ போனா திரும்பி வரமாட்டான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடந்துது. அந்தப் பயத்துல கொஞ்சம் இவளுக்குக் குடுத்தா நின்னுருவான்னு நெனச்சேன். தொட்டுட்டு விட்டுரணும்னுதான் போனேன்."

"தொட்டுட்டு விட்ட தடமா இது?" சாலோமி ஜெமிமாவின் காலைக் காட்டினாள்.

"கசத்துக்குள்ள போனதும் எனக்கே பயம் வந்துட்டு மேடம். கீழ தரையில்ல. கைக்கு இவ கால்தான் கெடச்சுது. விட முடியல." அவன் தன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான். "விடத்தான் நெனச்சேன். கை விடல."

மெர்வின் அடிக்கப் பாய்ந்தார். கிங்ஸ்டன் குறுக்கே நின்று தடுத்தான். ஜெமிமா அழவில்லை, திட்டவில்லை. "அப்ப சனிக்கிழமை படகுல அண்ணன் வராதுல்லா?" என்று மட்டும் கேட்டாள். வராது என்றாள் சாலோமி. ரிச்சர்டை ஜீப்பில் ஏற்றினார்கள்.

புதன்கிழமை காலையில் ஜெமிமா சாலோமிக்குப் போன் செய்தாள். மறுபடியும் கசத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். முடிந்தால் கடல், முடியாவிட்டால் இனிமேல் இல்லை. படகில் அண்ணனுக்குப் பதிலாகச் சாலோமி வந்து உட்கார வேண்டும். சாலோமி எவ்வளவோ காரணம் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"பாப்பா, எந்தப் பக்கம் வரட்டும்?" என்று கேட்டார் வன்னியராஜ்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் வாங்க அண்ணாச்சி. இனிமே ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுதேன்."

சுளுக்கு இன்னும் முழுதாக விடவில்லை. அவள் ஒருமுறை இடது பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள், அடுத்தமுறை வலது பக்கம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குள் அவள் கண் நாணலைத் தேடியதைச் சாலோமி பார்த்தாள். கசத்தின் மேல் வந்தபோது தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்பானது. ஜெமிமாவின் கை ஒரு கணம் நின்றது. மிதவை அவள் காலை இடித்தது. சாலோமிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பிறகு அந்தக் கை மறுபடி தண்ணீரை வாரியது.

படகு கரையைத் தொட்டதும் வன்னியராஜ், "இறங்குங்கம்மா, வந்தாச்சு" என்றார். சாலோமி எழுந்திருக்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை இன்னும் விடவில்லை. விட்டுவிடு என்று அவள் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஜெமிமாதான் ஈரக் கையோடு வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.