நாஸிரா பெருக்கும் முற்றம்

தையற்கூடத்திலிருந்து மீரிம் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் தாயைத் தனியே விடக்கூடாது, பேய் அண்டாமல் தலைமாட்டில் கத்தி வைக்கவேண்டும் என்பது நாரின் மலையூர்ப் பக்கத்து வழக்கம். மாமியார் ஷாய்ர்குல் கத்தியை மட்டும் வைத்தாள். வேலைக்கும் விரட்டினாள், விடியுமுன் மருமகள் முற்றம் பெருக்குவதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியாக எப்போது கண்ணயர்ந்தோம் என்பதே மீரிமுக்கு மறந்துவிட்டது.

வாசற்கதவைத் தள்ளும்போதே துடைப்பச் சத்தம் கேட்டது.

சர்... சர்...

மருமகள் இருக்கும் வீட்டில் மாமியார் துடைப்பத்தைத் தொடமாட்டாள். முற்றத்திலோ யாரும் இல்லை. ஆப்பிள் மரத்துச் சருகுகள் மட்டும் ஒரு மூலையில் அழகாகக் குவிந்திருந்தன.

"வந்துட்டியா மகாராணி? மாவு பிசையல, புள்ள கத்துறான். வேலைக்குப் போறவளுக்கு வீட்டு வேலை பறந்தா போயிடும்?"

"அத்தை, முற்றத்த யாரு பெருக்குனது?"

ஷாய்ர்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"காத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள்.

மீரிம் அறைக்குள் போய்த் தொட்டிலருகே உட்கார்ந்தாள். மூத்த மருமகள் நாஸிராவை அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூட ஆசிரியை. இதே அறையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தாளாம், பக்கத்தில் அவள் பிள்ளையும். அல்பர்ஸ்தி என்கிற பேய் நெஞ்சில் ஏறிவிட்டதென்று ஊர் பேசியது. நாஸிராவுக்குத் தூக்கமே இருந்ததில்லை என்பதை ஒருவரும் பேசவில்லை.

துடைப்பச் சத்தம் வாசற்படி ஏறியது.

சாக்பீஸ் தூளும் பழைய ரத்தமும் கலந்த வாடை. சில்லிட்ட விரல்கள் மீரிமின் மணிக்கட்டைப் பற்றின. தலைமாட்டுக் கத்தி எப்படிக் கைக்கு வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இவன் அடங்கிட்டா நீ தூங்கலாம், தங்கச்சி."

அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. அதுதான் கொடுமை.

கத்தி தொட்டிலை நோக்கி இறங்கியது.

"அத்தை! என்னைப் புடிங்க!"

பால்செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஷாய்ர்குல், கத்தியின் அலகையே இரு கைகளாலும் பிடித்தாள். அது எலும்புவரை இறங்கியது. தொட்டில் துணியில் ரத்தம் கொட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதியது. மறுபடி மோதியது. உடைந்த பல் தரையில் உருண்டது.

"நாஸிரா! அவளை விட்டுடு! உன்னைத் தூங்கவிடாம கொன்னவ நான்தான்டி! இனிமே நான் பெருக்குறேன்!"

மீரிமின் மணிக்கட்டைப் பற்றிய பிடி தளர்ந்தது.

மீரிம் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் பிள்ளை சுகமாகத் தூங்கினான். ஜன்னலுக்கு வெளியே ஷாய்ர்குல் கட்டுப்போட்ட கைகளால் பெருக்கிக்கொண்டிருந்தாள். துணியை நனைத்து ரத்தம் சொட்டியது. மீரிமுக்குப் பாவமாக இருந்தது.

"போதும் அத்தை, வந்து உட்காருங்க."

ஷாய்ர்குல் துடைப்பத்தைக் கீழே போட்டு நிமிர்ந்தாள்.

சர்... சர்...

சத்தம் நிற்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்தது. திரும்பிப் பார்க்காமலேயே அவள் அவசரமாகக் குனிந்து துடைப்பத்தை எடுத்தாள்.